வேறொருவர் பெயரில் வாங்கும் ஜாவா நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் ஜாவா தீவுக் கிராமத்தில் வயல் நடுவே மலிவாக ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊரை வர்ணித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுக்கொண்டால் போதும் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி யாராவது பணத்தை இறக்கினால் மீட்க வழியில்லை.

இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டம், ‘ஹாக் மிலிக்’ என்ற முழு உரிமையைத் தனிநபர்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றும் கிரயம் செல்லாது என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பெயர் கொடுத்த நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் கண்மூடினால் நிலம் அவர் பிள்ளைகளுக்கு. அதை அடகு வைத்திருந்தால் வங்கிக்கு. தனியாக எழுதி வைத்த ரகசிய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நீட்டினால், சட்டத்தை ஏய்த்ததாக நாமே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும்.

அந்நாட்டுப் பெண்ணை மணந்தவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, மணமான பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது. கணவர் வெளிநாட்டவர் என்றால் மனைவியின் ஹாக் மிலிக் உரிமையும் அடிபடும். சொத்தைப் பிரித்து நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதுவதே வழி. முன்பு இதைத் திருமணத்துக்கு முன்பே எழுதியாக வேண்டியிருந்தது. அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புக்குப் பின் மணமான பிறகும் எழுதிக்கொள்ளலாம்.

வெளிநாட்டவருக்கென்று உள்ளது ‘ஹாக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை. முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருப்பதால் சாதாரணக் கிராமத்து வீடு அந்த வரம்பைத் தொடாது. ஆகவே கிராமத்துக்கு ஏற்றது நீண்டகால வாடகை ஒப்பந்தம்தான். நோட்டரி முன் எழுதுங்கள். உரிமையாளரோடு அவர் மனைவியும் கையெழுத்திட வேண்டும். இது விடுபட்டால் பிறகு வழக்கு முளைக்கலாம். கிணறு யாருக்கு, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நடைபாதை யார் நிலத்தில் போகிறது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வீட்டை விற்றாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது என்று அவர்கள் சிவில் சட்டத்தின் 1576-ஆம் பிரிவு சொல்கிறது. அதைத் தள்ளிவைக்கும் வாசகம் எதுவும் ஒப்பந்தத்தில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிமக்களே வாங்கும்போதும் தாள்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். ஊர் அலுவலகத்தில் ‘லெட்டர் சி’ என்ற பழைய பேரேடு இருக்கும். அதிலிருந்து வந்த வரித் தாள்தான் ‘கிரிக்’. இரண்டுமே வரி வசூலுக்காக ஏற்பட்டவை, உரிமைப் பத்திரம் அல்ல. ஆண்டுதோறும் வரும் நிலவரிச் சீட்டும் அப்படியே. 2021 பிப்ரவரியில் வந்த அரசு விதி, இந்தப் பழைய தாள்களை வைத்திருப்போர் ஐந்தாண்டுக்குள் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு தாண்டிய கிரிக் உரிமைக்குச் சான்றாகாது, பதிவுக்கு ஒரு துப்பாக மட்டுமே உதவும்.

பேரேட்டில் இன்னும் தாத்தா பெயரே இருப்பது சகஜம். பாகம் பிரிக்கும் வழக்கமும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ‘செபிக்குல் செகெந்தோங்’ என்றால் ஆணுக்குக் காவடித் தண்டில் தொங்கும் இரண்டு கூடை, பெண்ணுக்கு முதுகில் சுமக்கும் ஒரு கூடை. ‘சிகார் செமாங்கா’ என்றால் தர்ப்பூசணியைப் பிளந்தது போலச் சரிபாதி. எது நடந்தது என்று பெரும்பாலும் எழுத்தில் இராது. எனவே வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், சுமத்ராவுக்குக் குடிபெயர்ந்தவர் உட்பட. ஒருவர் விடுபட்டாலும் பத்து வருஷம் கழித்து வந்து நிற்பார்.

‘பெங்கோக்’ நிலத்தை யார் விற்க வந்தாலும் விலகிவிடுங்கள். அது ஊர்த் தலைவருக்கும் ஊர் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்கு ஈடாக விடப்பட்ட ஊர்ச் சொத்து. பதவி போனால் நிலமும் போகும். நெல்வயல் என்றால் இன்னொரு கட்டு: வேறு கெச்சமாத்தானில், அதாவது வேறு வட்டாரத்தில், வசிப்பவர் விவசாய நிலம் வைத்திருக்க 1961 விதி தடை போடுகிறது. அளவை ‘உபின்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு உபின் சுமார் 14 சதுர மீட்டர்.

கட்டுரையில் படமாக வந்த ஜோக்லோ வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாவாவில் வீடு வேறு, நிலம் வேறு. தேக்குச் சட்டகத்தை மட்டும் விற்பார்கள், கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நடுவில் நான்கு ‘சொகோ குரு’ தூண்கள், கீழே ‘உம்பாக்’ என்ற கல் பீடம், மேலே அடுக்கடுக்காக ‘தும்பாங் சாரி’ உத்தரங்கள். ஆணி கிடையாது, எல்லாம் துளையும் முளையும்தான். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்திலும், அது சேரும் இடத்திலும் ஒரே குறி போட வேண்டும். ஓடு, சட்டம், உத்தரம், கடைசியில் தூண் என்பது வரிசை. அவசரப்பட்டுத் தூணை அசைத்தால் முளை விண்டுபோகும். விண்ட முளைக்குப் பழைய தேக்கில் மாற்று கிடைப்பது லேசல்ல.

தங்கப் போகிறவர் முதலில் மிதிக்க வேண்டியது ஆர்.டி. தலைவர் வீட்டு வாசலை. ஆர்.டி. என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்த சிறு பிரிவு, ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஏற்பட்டது. ‘விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்’ என்ற பலகை தெருமுனையிலேயே நிற்கும். பாஸ்போர்ட், விசா நகலோடு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். நாளை நில அளவைக்காரர் வந்து எல்லைக்கல் நடும்போது ஒப்புதல் கையெழுத்துப் போடப்போவது நாலு பக்கத்து அண்டை வீட்டுக்காரர்கள். ஊரே அறியாமல் வந்து தங்கியவருக்கு யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள்.

வாசலில் நின்று “குலோனுவுன்” என்று குரல் கொடுங்கள். “மொங்கோ” என்று பதில் வந்த பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே போகலாம். மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் இனிப்பான மல்லிகைத் தேநீர் வரும். வைத்ததும் எடுக்கக் கூடாது. குடியுங்கள் என்று அவர்கள் கைகாட்டும்வரை மூடி மூடியபடியே இருக்கட்டும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடக்கையில் சற்றுக் குனிந்து “நுவுன் செவு” என்று சொல்லிப் போக வேண்டும். வழி காட்ட ஆட்காட்டி விரல் வேண்டாம், வலக்கைக் கட்டைவிரல்தான் மரியாதை.

வாடகை வீடானாலும் வாசலோரம் ஒரு சின்ன டப்பாவைத் தொங்கவிடுங்கள். இரவில் முறைவைத்து ஊர்க்காவல் சுற்றுகிறவர்கள் வீடு வீடாக ஒரு பிடி அரிசி எடுத்துச் சேர்ப்பதற்குப் பெயர் ‘ஜிம்பித்தான்’. இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் 500 ரூபியா நாணயம். ஊருக்குப் போவதாக இருந்தால், அத்தனை நாளுக்கும் உரியதை முன்கூட்டியே ஆர்.டி. தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்