படத்தில் ஓட்டை எங்கே?

அன்புள்ள சேகரா,

உன் பாடக்குறிப்பு எப்போதோ வந்துவிட்டது. பதில் தாமதம்; வேண்டுமட்டும் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். மூர்த்தி இன்னும் அதே மூர்த்திதான்.

இனி சண்டை. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கிடக்கும் திரையான டென்டோரியத்தை நேர்கோடாகப் போட்டு, மேலே பெருமூளை, கீழே சிறுமூளை, மூளைத்தண்டின் பகுதிகளான பான்ஸ், முகுளம் என்று எழுதியிருக்கிறாய். போகிற போக்கில் நடுமூளையையும் கீழே தள்ளிவிட்டாய். அது எந்தப் பக்கமும் முழுசாகச் சேராதுடா! மூளையின் தடித்த வெளியுறையான டியூராவின் அந்த மடிப்பு நடுவில் உயர்ந்து பக்கங்களில் சரிகிறது. அதன் வெளிவிளிம்பு காதுப்பக்கத்து பெட்ரஸ் எலும்பின் மேல்முகட்டில் ஒட்டியிருக்கும். உள்விளிம்போ லாடம்போல் வளைந்து ஒரு வாயை விட்டுவைக்கும். அதன் வழியாகத்தான் நடுமூளை இறங்குகிறது. உன் கோட்டில் வாய் ஏது?

விஷயமே அந்த வாயில்தான் இருக்கிறது. மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் இரத்தம் கட்டினால் டெம்பொரல் மடலின் உள்நுனியான அன்கஸ் அந்த விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும். முதலில் மாட்டுவது கண்ணை அசைக்கும் மூன்றாம் மூளை நரம்பு. கண்பாவையைச் சுருக்கும் இழைகள் அதன் மேற்பரப்பில் ஓடுவதால், கண் அசைவு கெடுமுன்பே அதே பக்கத்துப் பாவை விரிந்துவிடும். டார்ச் அடித்தாலும் சுருங்காது. கூடவே பின்பெருமூளைத் தமனி நசுங்கினால் பார்வைக்கான ஆக்ஸிபிட்டல் மடல் போச்சு.

கை கால் செயலிழந்து விழுவது வழக்கமாக எதிர்ப்பக்கம். ஆனால் தள்ளப்பட்ட நடுமூளையின் மறுபக்கக் காம்பு (கை கால் அசைவு இழைகள் இறங்கும் தூண்) எதிர்விளிம்பில் அழுந்தினால், இரத்தம் கட்டிய பக்கத்துக் கை காலே விழும். 1929-ல் கெர்னோஹன், வோல்ட்மன் என்ற மருத்துவர்கள் விளக்கியது இது. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். பக்கம் தீர்மானிக்க, கையைவிடக் கண்பாவையை நம்பச் சொல்.

டென்டோரியத்துக்குக் கீழ்த்தளத்தில் இடமே இல்லை. சிறுமூளையில் சிறு வீக்கம் வந்தாலும் மூளைநீர் ஓடும் அறையான நான்காம் வென்ட்ரிக்கிள் அடைபட்டு மேலே நீர் தேங்கும். அதை மேலிருந்து மளமளவென்று வடித்தால், சிறுமூளை அதே வாய் வழியாக மேல்நோக்கிப் பிதுங்கலாம். இடுப்பில் ஊசி போட்டு நீரை எடுத்தால் சிறுமூளையின் அடிநுனிகளான டான்சில்கள் மண்டையோட்டு அடித்துளையான ஃபோராமென் மேக்னத்தில் இறங்கி முகுளத்தை நெரிக்கலாம், மூச்சு நிற்கலாம். உன் குறிப்பில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. கேலியை விடு, இதை மட்டும் விட்டுவிடாதே.

பெருமூளையின் இரு பாதிகளுக்கு நடுவே இறங்கும் மடிப்பான ஃபால்க்ஸ் பகுதியில் குறை கிடைக்கவில்லை, தேடத்தான் செய்தேன். கொரோனல் வெட்டுப் படம் (காதுக்குக் காது நெடுக்காக வெட்டியது) ஒன்று சேர், சரிவும் வாயும் அதில்தான் தெரியும். வகுப்புக்கு முன்னால் எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
ரங்கன்