முருங்கையும் பிள்ளையும்

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய குரல் பதிவை அன்றைக்கே கேட்டுவிட்டேன். அவ்வளவு நேரம் புலம்பியவனுக்கு இரண்டு வரியில் பதில் போட்டால் திட்டுவாய் என்றுதான் இந்தக் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. நம்ம குள்ளன் மறுபடி வேலையை விட்டுவிட்டான், காரணம் வழக்கமானதுதான்.

சரி, உன் மகன் விஷயம். “இனி கை ஓங்கமாட்டேன்னு முடிவு பண்ணினேன், உடனே தலைமேல ஏறி உட்கார்ந்துட்டான்” என்கிறாய். கூடவே உன் அப்பாவின் பல்லவி: முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர். அது உண்மையென்றால் கணக்கு வாத்தியாரிடம் நீ வாங்கியதற்கு இந்நேரம் நாசாவில் இருந்திருக்க வேண்டும்.

அவன் இப்படி ஆடுவதைப் பார்த்து நீ மிரண்டுவிடாதே. கத்தினால் அப்பா எழுந்து வருவார் என்று இத்தனை வருஷம் பழகியிருக்கிறான். இப்போது நீ வரவில்லை. அப்போது என்ன செய்வான்? இன்னும் உரக்கக் கத்திப் பார்ப்பான். ஒரு பழக்கம் அடங்குவதற்கு முன்னால் இப்படி ஒருமுறை பொங்கும் என்பது உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். பலர் சரியாக அந்த இடத்தில்தான் பொறுமை இழந்து ஒன்று வைத்துவிட்டு, “அடிக்காமல் சரிப்படாது” என்கிறார்கள். இல்லாவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். அடுத்த தடவை அவன் அந்தச் சுருதியிலிருந்துதான் ஆரம்பிப்பான்.

எங்கள் வீட்டு மகாராணியையே எடுத்துக்கொள். டிவியை அணை என்றால் ரிமோட் பறக்கும். அவள் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுவாள். அணைப்பது மகளின் வேலை. ரிமோட்டை எறிந்தால் மறுநாள் டிவி இல்லை. ஒரே தடவை, சாதாரணக் குரலில். “ஒரு மாசத்துக்கு டிவியே கிடையாது” என்ற வீராப்பெல்லாம் இல்லை, அதை நம்மாலேயே காப்பாற்ற முடியாது. முதலில் தரையில் புரண்டு அழுதாள், கதவை உதைத்தாள். நான் பக்கத்து அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு நாள் அவளே அணைத்துவிட்டு, ரிமோட்டை மேசையில் டம்மென்று வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்மை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. “சொன்ன நேரத்துக்கு நீயே அணைச்சுட்டியே” என்றாள் அம்மா, அவ்வளவுதான். பொதுவாக ‘சமத்து’ என்று சொல்வதைவிட, செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

நீ ஆதாரம் கேட்பாய், தெரியும். 2016இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் குழந்தைகளுக்கு மேல் உள்ளடக்கிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும் கூடுதலாகவே இருந்தன. அடியால் நல்லது நடந்ததாகத் தெரியவில்லை. “முரட்டுப் பிள்ளைதானே அடி வாங்கும்” என்று மடக்காதே. ஆரம்பத்தில் இருந்த குணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடிக்குப் பிறகு முரட்டுத்தனம் ஏறியிருக்கிறது. ஸ்வீடனில் 1979லேயே பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அடித்தவர்களை உள்ளே தள்ளுவது அதன் நோக்கமில்லை. பால் அட்டைப்பெட்டியில்கூட அச்சடித்து வீடுவீடாகப் புரியவைத்தார்கள்.

நீ போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. மதிப்பெண் தாளை ஒளித்து வைத்தானாமே? அடிக்குப் பயந்தவன் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தானடா கற்றுக்கொள்வான். மொட்டைமாடி விவகாரத்தில் நாம் எத்தனை பொய் சொன்னோம்! அது சின்ன விஷயம், தப்பித்தோம். அவனுக்குப் பதினைந்து வயதில் பெரிய சிக்கல் ஒன்று வந்து, முதலில் மறைக்க வேண்டிய ஆள் அப்பா என்று தோன்றினால்? எனக்கு அந்தப் பயம்தான்.

அதனால் இப்போதைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்: வீட்டுப்பாடமோ, தங்கையை அடிப்பதோ, ஏதாவது ஒன்று. நீயும் உன் வீட்டம்மாவும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். நீ மறுத்ததைத் தாத்தா கொடுத்தால் எல்லாம் வீண். உனக்குக் கோபம் தலைக்கேறினால் நீயே எழுந்து வெளியே போய்விட்டு வா, தண்டனையைப் பிறகு யோசிக்கலாம். அப்பாவைச் சமாளிப்பது கஷ்டம்தான், அவரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். என்மேல் அவருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, ஏனென்று எனக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பின்னால் அவன் கத்தினால் கத்தட்டும், பரவாயில்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்