சேலம் கொலுசுத் தொழிலுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சிறு அருங்காட்சியகம் கேட்டு மனு

அனுப்புநர்:
கைக்கொலுசுப் பட்டறைக் குடும்பத்தினர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: பழைய கொலுசுக் கருவிகளைப் பாதுகாக்க இடம் ஒதுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

சேலத்துக்கு மாம்பழம், ஜவ்வரிசி போலவே வெள்ளிக் கொலுசும் பெயர் வாங்கித் தந்தது. இயந்திர வேலை பெருகியதால் எங்கள் பகுதியில் கைப்பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. பட்டறை மூடியதும் கம்பி இழுக்கும் அச்சு, சலங்கை அச்சு எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

வெள்ளி 962 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். எங்கள் பெரியவர்கள் அந்தப் பதத்தை நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள். சுத்த வெள்ளி மிருதுவானது என்பதால் கொஞ்சம் செம்பு சேர்ப்பார்கள். உருக்கியதைக் கம்பியாக்க, அச்சின் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளைவரை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துவிடும். நடுநடுவே சூடேற்றி இளக்காவிட்டால் அறுந்துவிடும். சலங்கை இன்னும் நுணுக்கமான வேலை. தகட்டை அரைக் கிண்ணமாகத் தட்டி, உள்ளே ஒரு மணியைப் போட்டு, மற்றொரு கிண்ணத்தால் மூடி, வெங்காரம் (போராக்ஸ் உப்பு) தடவிப் பற்றவைக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் உள்மணி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சலங்கை ஒலிக்காது. இதைப் படித்துக் கற்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

ஆகவே கருவிகளைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்பது மட்டும் போதாது. செவ்வாய்ப்பேட்டையிலேயே, பயன்பாட்டில் இல்லாத ஓர் அரசுக் கட்டடத்தில் இரண்டு அறை கொடுத்தால் போதும். ஒன்றில் கருவிகளும் பழைய கொலுசு மாதிரிகளும் இருக்கட்டும், மற்றொன்றில் உலை எரியட்டும். வேலை தெரிந்த மூத்தவர்கள் வாரம் ஒரு நாள் வந்து செய்துகாட்டத் தயாராக இருக்கிறார்கள். வயதானவர்கள் நடந்தே வரக்கூடிய தூரத்தில் இடம் அமைவது முக்கியம். அவர்களுக்குச் சிறு மதிப்பூதியம் தர வேண்டும், கைவேலையை அவர்கள் செய்துகாட்டும்போதே வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். கருவிகளைத் துருப்பிடிக்காமல் வைப்பதற்குச் சேலம் அரசு அருங்காட்சியகத்தின் ஆலோசனை கிடைத்தால் நல்லது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால், கூட்டம் தானாக வரும்.

எங்களிடம் மிச்சமிருக்கும் கருவிகளை விலையில்லாமல் கொடுக்கிறோம், ரசீது மட்டும் வேண்டும். இன்னும் பல பட்டறைகள் மூடுவதற்குள் ஓர் அலுவலரை அனுப்பிக் கருவிகளைப் பார்வையிட்டுப் பட்டியல் எடுக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கைக்கொலுசுப் பட்டறைக் குடும்பத்தினர்