எட்டாவது ஒலி

அன்புள்ள தம்பி,

மே 25 மறுபடி வந்துவிட்டது. ஷூவில் பதித்த தகடுகளால் தாளம் தட்டி ஆடும் டேப் நடனக் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் 1878இல் பிறந்த நாள் என்பதால் அமெரிக்கா இதை 1989இல் டேப் நடன நாளாக அறிவித்தது. நம் வீட்டில் இது நீயும் நானும் பேச்சை நிறுத்திய நாள். மேடையில் நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. அன்று அரங்கில் இருந்த பலர் இதையும் படிப்பார்கள். அவர்கள் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்கள். அன்றிரவு அப்பாவிடம் நீ சொன்னதும் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் எழுத வந்தது அதற்கு ஆறு வாரம் முன்பு எடிசன் ஊரில் உள்ள வீட்டு பேஸ்மெண்டில் கழிந்த ஒரு மாலையைப் பற்றி.

ஸ்விங் ஜாஸுக்குப் பழகிய கால்கள் என்னுடையவை. இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் விழாவிட்டால் தடுமாறும். கியூபா இசையின் கிளாவேக்கு, அந்த மூன்று-இரண்டு அடிகளுக்கு, ஆடிப் பழக ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. டேப் கலைஞர் பால் டிரேப்பர் எப்போதோ ஆடிக் காட்டிவிட்ட, ஐரோப்பிய இசைமேதை பாஹின் இசையை எடுத்துக்கொண்டபோது, சாய்ந்தே ஒலித்துப் பழகிய அடிகளை நேராக்கத் திணறினேன். ஆனாலும் அவற்றில் கால் ஒதுங்கிக்கொள்ள எங்கேயாவது இடமிருந்தது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பில் இல்லை.

தகிடவுக்கு, முன்பாதத்தை முன்னும் பின்னும் உரசும் ஒரு ஷஃபிளும் ஒரு ஸ்டெப்பும், மூன்று ஒலி. தகதிமிக்கு ஒரு கிராம்ப் ரோல், இரு முன்பாதங்களும் இரு குதிகால்களும் அடுத்தடுத்து விழ நான்கு ஒலி. தாளில் ஏழு சரியாகத்தான் இருந்தது. பலகையில் ஏறியதும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் என் வலது குதிகால் தானாக இன்னொரு முறை விழுந்து அதை எட்டாக்கியது. நீ ஒன்றும் சொல்லவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு தொம் சேர்த்து, எனக்காகக் காத்திருந்து, அடுத்த தகிடவைத் தொடங்கினாய். இருபது நிமிடம் அப்படியே போயிற்று. ஏழு வசப்பட்டுவிட்டது என்று நான் தலைகால் புரியாமல் மகிழ்ந்தேன்.

கைபேசியில் பதிவான அந்த இருபது நிமிடத்தைச் சென்ற வாரம்தான் விரல்விட்டு எண்ணிக் கேட்டேன். எல்லாச் சுற்றும் எட்டு.

மேடையில் வயலினும் கடமும் எனக்காகக் காத்திருக்குமா? நீ தாளத்தை மாற்றிவிட்டாய் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். மன்னித்துவிடு. அன்றுதான் நீ முதன்முறையாக மாற்றாமல் வாசித்திருக்கிறாய்.

ஆனால், ஏன் சொல்லவில்லை? அக்கா பாவம் என்றா? அல்லது, அலுவலகம் முடிந்து பொழுதுபோக்காக ஆடுகிறவளுக்கு இது போதும் என்றா? கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸ் வெறுங்காலில் சலங்கையோடும் டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித் தகடு பதித்த ஷூவோடும் ஒரே மேடையில் நின்று, ஒருவருக்கொருவர் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் ஆடியதைப் பார்த்துத்தானே நமக்கு இந்த ஆசையே வந்தது? நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ள முயல்கிறேன். பாதி நாள் முடிகிறது.

இலையுதிர்காலத்தில் அதே உருப்படியை மறுபடி ஆடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வேறொருவர் வாசிக்கிறார். நான் தப்பினால் உடனே கையை எடுத்துவிடுகிறார், போன வியாழக்கிழமை மட்டும் ஒன்பது முறை. அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. குதிகால் இப்போது பெரும்பாலும் நிற்கிறது.

தொப்பியில் அப்புவதற்கு நீ பிசைந்த ரவையில் கொஞ்சம் என் பலகையின் ஓரத்தில் சிந்தி, காய்ந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்ட மனம் வரவில்லை. அந்தப் பதிவை உனக்கு அனுப்பட்டுமா, அழித்துவிடட்டுமா என்பதை மட்டும் சொல்.

அக்கா