அமுக்கத்தைக் கூட்டாதை, தண்ணியைப் பார்

யாழ்ப்பாணம்

மச்சான்,

மூண்டு கிழமையா மறுமொழி இல்லையெண்டு ஏசியிருப்பாய். ஏசு, பிழை என்ரைதான். வீட்டில எல்லாரும் சுகம். அப்பாவின்ரை முழங்கால் பழையபடிதான்.

பாலை மெம்பிரேன் எண்ட மெல்லிய சவ்வு வடிகட்டியில விடேக்க, வடியிறது குறைஞ்சவுடன அமுக்கத்தைக் கூட்டினன் எண்டு எழுதியிருக்கிறாய். ஸ்ராட் வராத மோட்டச்சைக்கிளை எங்கடை கட்டையன் உதைச்ச கதைதான் ஞாபகம் வந்தது. பாலில இருக்கிற கேசீன் எண்ட புரதத்தின்ரை உருண்டையள் சராசரி 100–200 நனோமீற்றர்; உன்ரை மெம்பிரேனின்ரை கண் ஒருசில நனோமீற்றர். உள்ளுக்குப் போகேலாததெல்லாம் மேலயே குவியும். அமுக்க அமுக்க அது களியா இறுகும். கொஞ்ச நேரம் கூட வடியும், பிறகு முந்தியை விட மோசம். பால் மெம்பிரேனை உரசிக்கொண்டு ஓடுற வேகத்தைக் கூட்டு, அமுக்கத்தைத் தாழ்த்து. ஆடை எடுத்த பாலை மட்டும் விடு.

நீ சொல்லுறமாதிரி 50 பாகைக்குச் சூடாக்கினால் பால் இளகி ஓடும், உண்மை. ஆனால் பாலில இருக்கிற கல்சியம் பொஸ்பேற்று எண்ட உப்பு சீனி மாதிரியில்லை. சூடு கூடக் கூடக் கரையாமல் படியும். கழுவ நீ போடுற காஸ்ரிக் சோடா, அந்தக் காரம், புரதத்தைத்தான் கழட்டும். இந்தப் படிவுக்கு அமிலம் வேணும்.

இப்ப உண்மையைச் சொல்லு: காஸ்ரிக்கைக் கிணத்துத் தண்ணியிலதானே கரைக்கிறாய்? சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாற தண்ணியடா. காரம் ஏறினவுடன அதிலயிருக்கிற கல்சியம் காபனேற்றாப் படியும். உங்கடை கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பிடிச்சுக் கிடக்கெல்லோ, கரண்டிக் காம்பால சுரண்டினால் செதில் செதிலாக் கழருமே, அதைத்தான் கழுவுறன் எண்டு சொல்லி மெம்பிரேனுக்குள்ள வளக்கிறாய். மென்தண்ணி, அதுதான் கல்சியம் எடுத்த தண்ணி, இல்லாமல் கழுவத் தொடங்காதை.

பால் முடிஞ்ச கையோட, காயவிடாமல், வெதுவெதுத் தண்ணி தெளிவா வரும்வரைக்கும் ஓட்டு. பிறகு காஸ்ரிக், பிஎச் 11, 50 பாகை, அரை மணித்தியாலம். அலசு. பிறகு நைத்திரிக் அமிலம், பிஎச் 2, 20 நிமிசம். திருப்பி அலசு. எல்லை எவ்வளவெண்டு மெம்பிரேனோட வந்த தாளில இருக்கும், அதைத் தாண்டாதை. குளோரின் போடுறதெண்டால் காரத்தோட மட்டும்; அமிலம் பட்டால் நச்சு வாயுவடா, விளையாட்டில்லை.

கழுவி முடிய வெறுந்தண்ணியை விட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தினை லீற்றர் வடியுதெண்டு அள. மெம்பிரேன் புதுசா இருக்கேக்க, அதே சூட்டில, அதே அமுக்கத்தில எடுத்த கணக்கு உன்னட்டை இருக்கோ? ரெண்டையும் எழுதியனுப்பு, ஒப்பிட்டுப் பாத்தால்தான் வடிவாக் கழுபட்டதோ எண்டு தெரியும். கட்டையனிட்டைக் குடுத்துவிடாதை, வந்து சேராது.

அன்புடன்
உன்ரை மச்சான்