சீட்டு வாங்காதவரையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்குக் கைபேசியிலேயே சீட்டு வாங்க உதவும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்ததிலிருந்து, நகரின் பேருந்துத் தடங்களை இனிப் பெருந்தரவை, அதாவது கணினியில் பெருமளவில் சேரும் பயணப் பதிவுகளை, கொண்டே வகுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாகத் தென்படுகிறது. அது வீண் நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். லண்டன் பேருந்துகளில் ஏறும்போது மட்டுமே பயண அட்டையைக் கருவியில் தொடுவார்கள் என்பதால், பயணி எங்கே இறங்கினார் என்பதை அவருடைய அடுத்த பயணத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் நடத்துநரோ இறங்குமிடத்தைக் கேட்டே சீட்டுக் கொடுக்கிறார்.

ஆனால் அந்தச் சீட்டில் விடுபடுவோர் பலர். மாதப் பாஸ் வைத்திருப்பவரும் பள்ளி மாணவரும் சீட்டே வாங்குவதில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவர்களுக்கான சீட்டில் இறங்குமிடம் சரியாகப் பதிந்தாலும் பதியாவிட்டாலும் வசூலில் ஒரு ரூபாயும் மாறாது என்பதால், நெரிசல் நேரத்தில் அதில் அதிகக் கவனத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இவர்களாவது பேருந்துக்குள் இருக்கிறார்கள். கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண், படிக்கட்டு வரை நிரம்பிய வண்டியில் ஏற முடியாமல் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போய்விட்டால், அவர் எந்தக் கணினியிலும் இல்லை. வண்டி நிறைந்து போனது பதிவாகும். நிறுத்தத்தில் நின்றுவிட்டவர்கள் மூன்று பேரா முப்பது பேரா என்பது பதிவாகாது. நடை குறைவான தடங்களில் நிலைமை இன்னும் மோசம். காத்திருந்து அலுத்தவர்கள் தவணையில் இருசக்கர வாகனம் வாங்கிவிட, அங்கே கூட்டமில்லை என்று தரவு காட்ட, இருக்கிற நடையும் குறைக்கப்படக்கூடும். அப்படி நடந்தால், டீசல் வண்டிகளுக்குப் பதிலாக எத்தனை மின்சாரப் பேருந்துகளை விட்டாலும் சாலையில் புகை குறையாது.

தென்கொரியத் தலைநகர் சோல் 2013-இல் இரவுப் பேருந்துத் தடங்களை வகுத்தபோது இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. நள்ளிரவுக்குப் பின் பேருந்தே இல்லாத நேரத்துக்குச் சீட்டுக் கணக்கு எங்கிருந்து வரும்? நகர நிர்வாகம் கேடி தொலைபேசி நிறுவனத்திடமிருந்து சுமார் 300 கோடி இரவு நேர அழைப்புப் பதிவுகளைப் பெற்று, அழைத்த இடத்தையும் கட்டண ரசீது செல்லும் பகுதியையும் ஒப்பிட்டு, மக்கள் எங்கிருந்து எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கணித்தது. பேருந்தில் ஏறாதவர்களின் தேவையை அது தேடிப் போனதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அதே வழியை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளும் முன் தயக்கம் தேவை. ஒரே பயண அட்டையின் அல்லது கைபேசியின் ஒரு வாரத் தடயம் போதும், ஒருவரின் வீடும் பணியிடமும் தெரிந்துவிடும். திட்டமிடுவதற்குத் தனி மனிதர் விவரம் வேண்டியதில்லை. பகுதிவாரியாக, மணிவாரியாகத் தொகுத்த எண்ணிக்கை போதும்.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், எந்தத் தடத்தையும் மாற்றும் முன் அத்தகைய தொகுப்பை நிறுத்தம்வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். அதனுடன், நெரிசல் நேரங்களில் நிறுத்தங்களில் ஆள் நிறுத்தி, ஏற முடியாமல் நின்றவர்களையும் ஷேர் ஆட்டோவில் போனவர்களையும் எண்ணிச் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை