அக்காவுக்கு, அந்த சார்ட்டைப் பற்றி

அக்கா,

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து உன் டயட் சார்ட்டைக் கழற்றிவிட்டேன். போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் அரை மணி நேரத்தில் குடும்ப குரூப்பில், பொதுவாகச் சொல்வது மாதிரி, "மன உறுதி இல்லாதவங்களுக்கு எந்த டயட்டும் வேலைக்கு ஆகாது" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாய். யாருக்குச் சொன்னாய் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போனில் பேசினால் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நம் சொந்தம், மீதியில் நிறையப் பேர் உன் டயட் தோழிகள். சில இடங்களில் மென்று முழுங்குவேன், உனக்குப் புரியும்.

நாம் ஏன் மாவுச்சத்தைக் குறைத்தோம் என்பதை எழுதப் போவதில்லை. அம்மாவின் கால் விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் மூடிவிடுவாய். நான் பேலியோவை, சோற்றையும் சர்க்கரையையும் ஒதுக்கிவிட்டு முட்டையும் கறியும் நெய்யும் பாதாமுமாகச் சாப்பிடும் நம் டயட்டை, விடவில்லை. இட்லி, தோசைக்குத் திரும்பவில்லை, சர்க்கரை போட்ட காபிக்கும் திரும்பவில்லை. என் மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார், அந்தப் புண்ணியம் உனக்குத்தான். நான் விட்டது உன் சார்ட்டை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த சார்ட்டில் கடைசியாக உன் கையெழுத்தில் சிவப்பு மையில் இருந்ததே, "வயிறு பற்றிப் புலம்பக் கூடாது, தானாகச் சரியாகும்" என்று, அந்த வரியை.

என் மலச்சிக்கல் தானாகச் சரியாகவில்லை அக்கா. எவ்வளவு நாள் சரியாகவில்லை என்று உன்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது, ஏனென்றால் நீதான் கதவுக்கு வெளியே நின்றாய்.

எந்த ஊர் மண்டபம், யார் வீட்டுக் கல்யாணம் என்பதெல்லாம் வேண்டாம், அவர்களும் படிக்கிறார்கள். விடியற்காலை முகூர்த்தம். பெண் வீட்டாருக்கு ஒதுக்கிய மாடி முழுக்க இரண்டே பாத்ரூம். பட்டுப்புடவையைக் கழற்றி உன் தோளில் போட்டுவிட்டு நான் உள்ளே போனபோது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே எழுந்துவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து கதவைத் தட்டத் தட்ட, நீ கொஞ்சமும் தயங்காமல், "உள்ளே குழாய் உடைஞ்சு தண்ணி பீச்சி அடிக்குது சித்தி, பிளம்பருக்குச் சொல்லியிருக்கு, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று சொன்னதை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வலியிலும் சிரிப்பு வந்தது. கதவிடுக்கில் வாயை வைத்து, "முக்காதடி, மூச்சை விடு, ஒண்ணும் அவசரமில்லை" என்றாய். கீழே சமையற்கட்டுக்குப் போய் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் வாங்கி வந்து கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து நீட்டினாய். அப்புறம் ஒரு மணைக்கட்டையைக் கொண்டுவந்து உள்ளே தள்ளி, "காலை இது மேல வெச்சு முன்னால குனிஞ்சு உட்காரு" என்றாய். அதை எங்கேயிருந்து எடுத்தாய் என்று இந்த ஜென்மத்தில் எழுத மாட்டேன்.

டாக்டர் பின்னால் அதையேதான் சொன்னார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மலக்குடல் கீழே மடங்கியே இருக்கும், முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தினால்தான் பாதை நேராகும், நம் வீட்டுப் பழைய கக்கூஸில் குந்தி உட்கார்ந்தபோது அது தானாக நடந்தது. நீ எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை. உனக்குத் தோன்றியது, செய்தாய்.

கெட்டிமேளம் கேட்டபோது நான் உள்ளே, நீ வெளியே. தூக்கி வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதை நீ பார்க்கவில்லை. "போய்ப் பாரு அக்கா" என்று நான் கத்தினேன். "வீடியோவில பாத்துக்கலாம்" என்றாய். இதை நான் மறக்க மாட்டேன்.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்துப் பந்தியில், சம்பந்தி வீட்டார் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்க, என் மாமியார் பக்கத்து இலையில் இருக்க, "எங்க வீட்டு ரெண்டாவது முகூர்த்தம் பாத்ரூம்ல நடந்துச்சு" என்று நீ ஆரம்பித்ததையும் மறக்க மாட்டேன். பிளம்பர் கதை, வெந்நீர் கதை, ஒன்றையும் விடவில்லை. பரிமாறுகிறவர்கூட சாம்பார் வாளியோடு நின்று கேட்டார். எனக்காகக் காவல் நின்ற அதே வாய்தானா என்று இருந்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்து உன்னிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். அதில் அம்மா வந்திருக்கக் கூடாது. நீ ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக்கிடந்த ராத்திரிகளை நான் வெளியூரில் இருந்து போனில் விசாரித்தவள், எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லும் தகுதி கிடையாது. மன்னித்துக்கொள். ஆனால் நீயும் யோசித்துப் பார், வலியோடும் வெட்கத்தோடும் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை நாற்பது பேர் சிரிக்கும்படி செய்துவிட்டு, அவள் நிதானமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? மாமியார் இன்றுவரை காலையில் காபி கொடுக்கும்போது "போனியா" என்று கேட்கிறார். அக்கறையாகத்தான் கேட்கிறார். அதுவும் உன் உபயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் ரத்தம் பட்டது. உன்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வெண்ணெயைக் கூட்டு என்றிருப்பாய். மூலம் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனேன். மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பு. இறுகிய மலம் வெளியே வரும்போது தோல் கிழிந்து, அந்த வலிக்குப் பயந்து மறுநாள் அடக்கி, அடக்க அடக்க அது இன்னும் இறுகி, இன்னும் கிழிந்து, இப்படியே சுற்றும் என்றார் டாக்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரச் சொன்னார், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார். சிரப்பைவிட அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆமாம். கால்சியம்? ஆமாம். தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த மூன்றுமே தனித்தனியாக மலத்தை இறுக்கக்கூடியவை, இதற்கு மேல்தான் டயட். உன் சார்ட் இதையெல்லாம் கேட்காது, அதற்கு நாம் எல்லாரும் ஒன்றுதான்.

டயட்டில் என்ன நடக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டால் உனக்கே பிடிக்கும், ஏனென்றால் பாதி உன் பக்கம். உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து, கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சோற்றை நிறுத்தினால் அது கரையும், தண்ணீரும் சேர்ந்து போகும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே தள்ளும். முதல் வாரம் எடை மிஷின் முள் இறங்கியதும் நாம் ஹோட்டலுக்குப் போய்க் கிரில் சிக்கன் சாப்பிட்டுக் கொண்டாடினோமே, இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது, உடம்பு காய்ந்து கிடந்தால் அது இன்னும் கறாராக உறிஞ்சும், மிச்சம் ஆட்டுப் புழுக்கை மாதிரி ஆகிவிடும்.

அதனால் எலுமிச்சை உப்புத் தண்ணீர் குடி என்று நீ சொன்னதில் காரணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது. உப்பை நானாக ஏற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெக்னீசியம் மாத்திரையும் அப்படித்தான், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தோழி சொன்னாள் என்று வாங்கக் கூடாது.

இன்னொன்றிலும் நீ சொன்னது சரி. தினமும் போயே ஆக வேண்டும் என்று இல்லை. சாப்பிடும் அளவு குறைந்தால் வெளியே போவதும் குறையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிரமமில்லாமல் போனால் அது மலச்சிக்கலே இல்லை. வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவு, கல் மாதிரி இறுகுவது, முக்குவது, இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி தோன்றுவது, இதெல்லாம்தான் கணக்கு. எனக்கு இதெல்லாமே இருந்தது, நீ முதல் பாதியை மட்டும் சொல்லி வாயை அடைத்தாய்.

நான் யோசித்துப் பார்த்ததில், நம்மைப் படுத்தியது சோறு இல்லாமல் போனதல்ல. வெள்ளைச் சோற்றில் நார் ஏது? சோறு இருந்தபோது அதைப் பிசைந்து உள்ளே தள்ள சாம்பார் வேண்டும், கூட்டு வேண்டும், பொரியல் வேண்டும், அதனால் அவரைக்காயும் கொத்தவரங்காயும் வாழைத்தண்டும் கீரையும் துவரம்பருப்பும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. சோறு போனதும் எல்லாமே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. தட்டில் மிஞ்சியது முட்டை, பனீர், சிக்கன், நெய். நான்கிலும் நார் என்பதே கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராமாவது நார் வேண்டும். காலைக்கு நூறு பாதாம் என்று சார்ட்டில் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, அதில் கிட்டத்தட்ட 15 கிராம் நார் கிடைக்கும், மறுக்கவில்லை. பாதாம் விற்கும் விலைக்கு மாதம் முழுக்க நூறு நூறாக ஊறப்போட உனக்கு முடியும். இதற்கு மேல் இங்கே வேண்டாம், அத்தான் படிக்கிறார்.

இப்போது நான் செய்வது இதுதான், உன் தோழிகளில் கஷ்டப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல். காலையில் வெறும் விரதம் இல்லை. சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் பெருங்குடல் அசையும், ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்துவிட்டு அந்த நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும், அந்த நேரத்தை நான் விரதம் என்று வீணாக்கிக்கொண்டிருந்தேன். மதியம் முட்டையோ மீனோ எது இருந்தாலும் பக்கத்தில் இரண்டு காய், ஒரு கீரை, கைக்கு அடக்கமாக இல்லாமல் கிண்ணம் நிறைய. அரைக் கிண்ணம் பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை சேர்த்துக்கொள்கிறேன், நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்துவிட்டேன், சர்க்கரை துள்ளவில்லை. கொய்யா பாதி, பழுக்காததாக. ஆளிவிதைப் பொடி மோரில். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு பலூனாக ஊதும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

தண்ணீரில் ஊறி உப்பும் நார், இசப்கோல், ராத்திரி ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் போதாவிட்டால் அதுவே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். நீ தயிரில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு தண்ணீர் குடிக்காமல் படுத்துவிடுகிறாய், தயவுசெய்து அப்படிச் செய்யாதே. தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில், இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி.

விளக்கெண்ணெய் பாட்டிலை நீ கொடுத்தனுப்பினாய். அம்மா நம்மை வரிசையாக நிற்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே, அந்த வாசனைக்காக மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். அவசரத்துக்கு என்றைக்காவது சரி. வாரா வாரம் குடலை அடித்து எழுப்ப வேண்டாம்.

ரத்தம் பட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, வயிறு வீங்கி வாந்தி வந்தாலோ குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போகச் சொல். நம் டயட்டில் எடை இறங்குவதைக் கொண்டாடிக் கொண்டாடி, எந்த இறக்கம் நல்லது எந்த இறக்கம் கெட்டது என்று கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக அடித்து அடித்து எழுதுகிறேன். போன தடவை உன் வீட்டு டைனிங் டேபிளில் உன் சர்க்கரை மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, "கிளிஃப்ளோசின்" என்று முடியும் வகை. அந்த வகை மாத்திரையோடு மாவுச்சத்தை இந்த அளவுக்குக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிப்போகும் ஆபத்து உண்டு, சர்க்கரை நார்மலாகக் காட்டும்போதே ஏறும், அதனால் கண்டுபிடிக்கவும் நேரமாகிவிடும் என்று என் டாக்டர் சொன்னார். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று உன் டாக்டருக்குத் தெரியுமா? அத்தானைக் கேட்டேன், "உங்க அக்கா எதை யார்கிட்ட சொல்றா" என்றார். என்னை மன உறுதி இல்லாதவள் என்று எத்தனை வாய்ஸ் மெசேஜ் வேண்டுமானாலும் போடு, ஆனால் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, டயட்டையும் நீயாக இறுக்காதே, முதலில் போய்ச் சொல். சனிக்கிழமை நான் லீவு. டோக்கன் போட்டு வைக்கிறேன், காலை ஒன்பது மணிக்கு அட்டையோடு கிளம்பி நில், நான் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். அங்கே நர்ஸ் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும் மண்டபத்துக் கதையை எடுக்காதே.

உன் தங்கை